பாட்டில் விடுபட்ட மரைக்கால்

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்மொழித் தினப் போட்டிக்காக மாணவி ஒருத்தியை நாட்டார் பாடலுக்குப் பயிற்றும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. அச்சேறிய பாடல்களையே ஆண்டுதோறும் பாடவைப்பதில் எமக்குச் சலிப்பு உண்டாகியிருந்தது. ஆகவே இரணைமடுக் குளத்தின் கீழுள்ள கிராமமொன்றுக்குச் சென்று, ஒருகாலத்தில் அருவி வெட்டின்போது முன்னின்று பாடிய ஆச்சி ஒருவரிடம் பாட்டுக் கேட்டோம். நெல்லறுவடையை எம் பக்கத்தில் அருவி வெட்டு என்பதும், வரிசையாய் நின்று வெட்டுவோரில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் தொடர்வதும் வாசகர் அறிந்தவையே. ஆச்சி திண்ணையில் இருந்தபடி பாட மறுத்துவிட்டார். கையில் வேலை இல்லாமல் வாயில் பாட்டு வராதாம். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டே பாடினார். அவர் பின்னே வரம்பில் நடந்தபடி நாம் எழுதிக்கொண்டோம்.

அப்பாட்டின் நடுவே ஒரு பகுதி இருந்தது. கூலி நெல்லை அளக்கும் மரைக்காலைப் பற்றியது அது. வாங்குவதற்கு ஒரு மரைக்கால், கொடுப்பதற்கு இன்னொரு மரைக்கால் வைத்திருந்த கமக்காரர் ஒருவரை, அவர் பெயரைச் சொல்லி, அவர் களத்தில் நிற்கும்போதே கேலி செய்யும் பகுதி. மிக நயமான கேலி. அவர் சினந்தால் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டவராவார், சிரித்தால் அளவைத் திருத்தியாக வேண்டும். அப்பகுதியை நாம் வெட்டிவிட்டோம். நேரம் போதாது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் வேறு: அப்பெயருக்குரியவரின் பேரர் பாடசாலைக்கு நன்கொடை வழங்குபவர். விழாவன்று முன்வரிசையில் அமரவிருந்தவரும் அவரே.

காகித அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய அரிவாளோடு மாணவி மேடையேறினாள். விடியலும் இளவெயிலும் நெற்கதிரும் அம்மன் வாழ்த்தும் குறைவின்றி ஒலித்தன. முதலிடமும் கிடைத்தது. பின்னொருநாள் நாம் நன்றி சொல்லச் சென்றபோது ஆச்சி சொன்னார்: "பிள்ளை வடிவாத்தான் பாடினவள், மாஸ்ரர். ஆனால் அந்த மரைக்கால் கதையை ஏன் விட்டனீங்கள்? அதுக்காகத்தானே நாங்கள் பாடினனாங்கள்."

அண்மையில் ஆசிரிய நண்பர் சிலர் கூடியிருந்து அமெரிக்க இசைத்தொகுப்பு ஒன்றைக் கேட்டபொழுது, ஆச்சியின் இக்கேள்வி மீண்டும் எம் முன்னே வந்து நின்றது. 'குரோனோஸ்' என்னும் நரம்பிசை நால்வர் குழு, பீற் சீகர் என்ற மக்கள் பாடகருக்கு அஞ்சலியாக 2020ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பு அது. வயலின் இரண்டு, வியோலா ஒன்று, செலோ ஒன்று. ஐரோப்பியச் சாஸ்திரிய சங்கீதத்தின் மிக நுண்ணிய வடிவம் இந்நால்வர் குழுவே என்பர். சீகரின் கருவியோ பான்ஜோ. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் நினைவிற் பிறந்து, ஏழை மக்களின் தாழ்வாரங்களில் வளர்ந்த கருவி. வேலைநிறுத்தக் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் அதை மீட்டிப் பாடிய ஒருவருடைய பாட்டை, மௌனம் காக்கும் சபைக்குரிய நரம்பிசையில் வார்ப்பது அஞ்சலியா, அடக்கமா? நண்பர்களிடையே விவாதம் எழுந்தது. மேலைநாட்டுச் சங்கீத விவகாரம் எமக்கெதற்கு என்று ஒருவர் கேட்டார். நாட்டார் கலையை மேடைக்குக் கொண்டுவரும் எவருக்கும் இது சொந்த விவகாரமே.

சீகரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1919இற் பிறந்து 2014இல் மறைந்தவர். இளமையிற் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து, பின் விலகியவர். 1955இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. அது அவரைக் கேட்ட கேள்விகளில் முதன்மையானவை, இன்ன கூட்டத்திற் பாடினாயா, இன்னாருக்காகப் பாடினாயா என்பனவே. பாட்டைப் பற்றிக் கேளுங்கள், வேண்டுமானால் பாடியும் காட்டுகிறேன். யார் முன் பாடினேன் என்பதைச் சொல்லமாட்டேன் என்ற பொருளில் அவர் விடையிறுத்தார். தன்னைக் குற்றப்படுத்தும் விடையைத் தவிர்க்கும் உரிமையை ஏனையோர் நாடியதுபோல் அவர் நாடவில்லை. இப்படிக் கேட்கவே எவருக்கும் உரிமை இல்லை என்றார். 1957இல் காங்கிரசை அவமதித்த குற்றம் சாட்டப்பட்டு, 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்று, 1962இல் மேன்முறையீட்டில் விடுதலையானார். எனினும் பல ஆண்டுகள் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் அவருக்குக் கதவடைத்தன. 1967இல் மீண்டும் தொலைக்காட்சிக்கு அழைக்கப்பட்டு, வியட்நாம் போரைச் சாடும் பாட்டொன்றைப் பாடியபோது, நிலையத்தார் அப்பாட்டை வெட்டியே ஒளிபரப்பினர். அது ஒளிபரப்பாக மேலும் சில மாதங்கள் ஆயின.

விசாரணைக் குழுவினர் சங்கீத ரசிகர்கள் அல்லர். ஆயினும் ஒன்றை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். பாட்டின் சொற்களில் அவர்களுக்கு அக்கறையில்லை. யாருக்கு, யார் முன்னிலையில், யாரை நோக்கிப் பாடப்பட்டது என்பதே அவர்களை உறுத்தியது. கலைவிமரிசகர்கள் பலர் காணத் தவறும் உண்மையைக் காவலர்கள் கண்டுகொள்வது உலக வழக்கம் போலும். களத்தில் நின்ற கமக்காரரும் இதை அறிந்திருப்பார்.

'குரோனோஸ்' குழுவைப் பற்றியும் நியாயமாகப் பேசவேண்டும். சலவைச் சட்டைச் சங்கீதக்காரர் என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாது. ஜோர்ஜ் க்ரம் என்பவர் வியட்நாம் போரின் கொடுமையால் உந்தப்பட்டு 1970இல் இயற்றிய நரம்பிசைப் படைப்பொன்றை வானொலியிற் கேட்டதன் விளைவாகவே டேவிட் ஹாரிங்டன் 1973இல் இக்குழுவைத் தொடங்கினார். போருக்கெதிரான ஓசையிலேயே பிறந்த குழு இது. தொகுப்பில் அவர்கள் சேர்த்தவையும் எளிய தெரிவுகள் அல்ல. 1937இல் ஸ்பானியாவின் ஜராமா ஆற்றங்கரையிற் பாசிசத்தை எதிர்த்து மாண்ட சர்வதேசப் படையினரின் பாட்டு உண்டு. காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களில் ஒலித்த 'ரகுபதி ராகவ' உண்டு. 1967இல் வெட்டப்பட்ட அந்தப் பாட்டும் உண்டு. பல பாட்டுகளில் விருந்தினர் பாடகர்களும் இணைகின்றனர். இவற்றையெல்லாம் அலங்காரம் என்று தள்ளுவது நேர்மையாகாது.

நண்பர்களில் ஒருவர், மக்கள் பாட்டு வயலிலேயே இருக்கவேண்டும், மேடைக்கு வந்தால் செத்துவிடும் என்று வாதிட்டார். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. எந்த வயலில் இருக்கவேண்டும்? இன்று வன்னியில் காலபோக நெல்லை இயந்திரம் வெட்டுகிறது. அதன் இரைச்சலில் எவரும் அடியெடுத்துக் கொடுப்பதில்லை. பாட்டை வாழவைப்பதற்காக முதுகு வளைந்த கூலி வெட்டை மீண்டும் கொண்டுவரச் சொல்வோமா? ஆச்சியிடம் கேட்டால் அரிவாளால் எம்மைத் துரத்துவார். இடம் மாறுவது பாட்டின் இயல்பு. ஹங்கேரியில் பார்ட்டோக் உழவர் பாட்டைத் தேடி ஊரூராக அலைந்ததன் சாறு அவருடைய நால்வர் இசையில் இறங்கியிருக்கிறது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி அரங்கேற்றிய பொழுது எழுந்த கண்டனங்கள் பல. ஆயினும் 'இராவணேசன்' போன்றவை இன்றேல் எம்மிற் பலர் கூத்தென்ற சொல்லையே இகழ்ச்சியாக வழங்கியிருப்போம். சாதிக் கொடுமையை எதிர்த்து 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடினார்கள். கோயில் வீதியில் நேர்த்திக்காக ஆடிய ஆட்டம், கோயிற் கதவைத் தட்டும் ஆட்டமாயிற்று. அங்கும் இடம் மாறியது. ஆனால் பாட்டுக்கு எதிரே நின்றவர் மறையவில்லை, புதிதாக வந்து நின்றார்.

சீகர் வீட்டிலேயே இதற்கொரு முன்கதை உண்டு. அவருடைய தந்தை சார்ள்ஸ் சீகர் பெரிய இசையறிஞர். 1930களில், பொருளாதார நெருக்கடிக் காலத்தில், நியூயோர்க்கின் இடதுசாரி இசையமைப்பாளர்கள் சிலரோடு சேர்ந்து தொழிலாளருக்காகப் பாட்டு அமைத்தார். புதுமையும் கடினமும் நிறைந்த சங்கீதம். தொழிலாளர் எவராலும் பாட முடியவில்லை. அவர்கள் கூட்டத்துக்குக் கென்றக்கியின் சுரங்கப் பிரதேசத்திலிருந்து மொலி ஜாக்சன் என்ற அம்மையார் வந்து தம் பாட்டைப் பாடினார். கூடியிருந்த பண்டிதர்களுக்கு அது பழைய பல்லவியாகவே தோன்றியது. சார்ள்ஸ் சீகரோ, அவர் சரியான வழியில் நிற்கிறார், வழி தவறியவர்கள் தாமே என்று உணர்ந்தார். தந்தை படித்த சங்கீதத்திலிருந்து பாமரர் பாட்டுக்கு வந்தார். மகன் அதிலேயே வாழ்ந்தார். அந்த மகனின் பாட்டு இப்போது படித்த சங்கீதத்துக்குத் திரும்பியிருக்கிறது.

திரும்பும்போது அது எதை இழந்தது? சீகர் தம்மைப் பாடகர் என்பதைவிடப் பாடவைப்பவர் என்றே கருதியவர். ஒவ்வோர் அடியையும் முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துச் சபையைப் பாடச் செய்வார். சபையின் குரல் உயர்ந்ததும் தாம் தணிந்துவிடுவார். எமது அருவி வெட்டில் முன்னிற்பவர் செய்வதும் அதுவே. நால்வர் இசைக்கோ அமைதியான சபை வேண்டும். இருமினாலே திரும்பிப் பார்ப்பார்கள். சேர்ந்து பாடுகின்ற கூட்டம், கேட்டு மகிழ்கின்ற சபையாக மாறுகிறது. இது பெரிய இழப்பே. ஆயினும் பேரிழப்பு வேறிடத்தில் இருக்கிறதென்று எமக்குத் தோன்றுகிறது.

தொகுப்பிலுள்ள ஒரு பாட்டு, நீ எந்தப் பக்கம் என்று கேட்பது. 1931இல் கென்றக்கி மாநிலத்து ஹார்லன் பிரதேசத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டம் நடந்தது. சங்க ஊழியர் ஒருவரைத் தேடிப் பொலிஸ் அதிகாரியான ஷெரிப் பிளெயரின் ஆட்கள் அவருடைய வீட்டைக் குடைந்தார்கள். அவர்கள் போனபின் மனைவி ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவரிலிருந்த நாட்காட்டித் தாளைக் கிழித்து அதில் எழுதிய பாட்டு இது. மூலப் பாட்டில் அந்தப் பிளெயரின் பெயர் நேராகவே வருகிறது. அன்று ஹார்லனில் அப்பெயரை உரத்துப் பாடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். இன்று நகரத்து அரங்கில் அதைப் பாடினால் யாரும் நெளிவதில்லை. ஷெரிப் இறந்துபோனார், கேட்பவர் அனைவரும் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே சரியான பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கேள்வி அழகாக ஒலிக்கிறது. ஆனால் கேட்கப்படுபவர் எவரும் சபையில் இல்லை. மரைக்கால் இல்லாத அருவி வெட்டுப் பாட்டும் இதுவும் ஒன்றே. நாம் வெட்டியது இரண்டு மூன்று அடிகளை மட்டுமன்று. அந்தப் பாட்டின் எதிராளியை.

இங்கே வன்னியில் வாழும் நாம் சற்றுத் தயங்கவேண்டியிருக்கிறது. நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி எமக்குப் பாட்டாக வந்ததில்லை, துவக்கோடு வந்தது. ஒருவர் கேட்டுவிட்டுப் போக மற்றவர் வந்து கேட்டார். சும்மா இருக்கிறோம் என்ற விடையை எவரும் ஏற்கவில்லை. போரின் இறுதி ஆண்டுகளில், பிள்ளையை வலிந்து களத்துக்குக் கொண்டுபோனவர்களிடமிருந்து அவனைப் பதுங்குகுழியில் மறைத்த தாயையும், அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துள் விழுந்த எறிகணையில் அதே பிள்ளையை இழந்த தாயையும் நாம் அறிவோம். சில வேளைகளில் இருவரும் ஒரே தாய். எம் மண்ணில் எழுச்சிப் பாட்டுகளுக்குப் பஞ்சமிருந்ததில்லை. அவற்றில் உருகிய உள்ளங்களை நாம் இகழமாட்டோம். ஆனால் கேட்கும் பாட்டு வேறு, கட்டளையிடும் பாட்டு வேறு. முன்னது வலியவனை நோக்கித் திரும்பும். பின்னது பாடுபவர் வீட்டுப் பிள்ளையை நோக்கித் திரும்பும்.

இடதுசாரிகளாகிய எமக்குச் சீகரிடம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளைக் காணத் தவறியதற்காக அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். 2007இல், எண்பது கடந்த வயதில், ஸ்டாலினைக் கண்டித்துப் பாட்டும் எழுதினார். காலந்தாழ்ந்த வருத்தம் என்று சொல்வோர் சொல்லட்டும். தம் கூட்டத்தாரை நோக்கியும் ஒருவர் பாட்டைத் திருப்பினார் என்பது சிறிய செயலன்று. எம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம்?

சீகரின் பான்ஜோத் தோலில் ஒரு வாசகம் எழுதப்பட்டிருந்தது. இந்தக் கருவி வெறுப்பைச் சுற்றிவளைத்து அதைச் சரணடையச் செய்யும் என்பது அதன் பொருள். உலகெங்கும் பாராட்டப்பட்ட வாசகம். நண்பர்களிடம் நாம் இதைச் சொன்னபொழுது சிறிது நேரம் எவரும் பேசவில்லை. சுற்றிவளைப்பு, சரணடைவு ஆகிய சொற்கள் எங்கள் காதில் பான்ஜோவோடு சேர்ந்து ஒலிப்பதில்லை. அவை 2009 மே மாதத்தையும் வட்டுவாகல் பாலத்தையும் நினைவூட்டுவன. கையளித்த மகனை இன்னும் தேடுகின்ற ஒருத்திக்கு இவ்வாசகத்தை எப்படி மொழிபெயர்ப்பது? நல்ல சொல்லும் இடம் மாறும்போது புண்படுத்தக்கூடும். அது சீகரின் குற்றமன்று, கொண்டுவருபவரின் பொறுப்பு.

அதே 2009 ஜனவரி 18ஆம் தேதி, வாஷிங்டனில் லிங்கன் நினைவாலயத்தின் முன், புதிய ஜனாதிபதியின் பதவியேற்பை ஒட்டிய பெருவிழாவில், எண்பத்தொன்பது வயதுச் சீகர் மக்கள் கடலின் முன் நின்று பாடினார். தம் நண்பர் வூடி கத்ரி இயற்றிய பாட்டின், விழா மேடைகளில் வழக்கமாக விட்டுவிடப்படும், தனியுடைமையைச் சாடும் அடிகளையும் சேர்த்தே பாடினார். ஒருகாலத்திற் சிறையிலிட முயன்ற அரசின் தலைநகரில், அதன் புதிய தலைவர் முன்னிலையில், விடுபட்ட அடிகளை அவர் திரும்பச் சேர்த்தார். அந்நாட்களில் நாமும் எம் மக்களும் கிளிநொச்சியை விட்டகன்று, விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று மாட்டுவண்டியிலும் உழவு இயந்திரத்திலும் கிழக்கே ஒதுங்கிக்கொண்டிருந்தோம். அப்பாட்டு எமக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன பயன் என்று நண்பர் ஒருவர் கசப்போடு கேட்டார். எம்மிடம் விடையில்லை. ஆனால் பெருமையும் மாலையும் சூட்டிய மேடையிலேயே ஒரு கிழவர் அந்த அடிகளை விடவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்தபோது, நன்கொடையாளர் ஒருவருக்கு அஞ்சி நாம் வெட்டிய துண்டு எம் நெஞ்சை உறுத்தவே செய்தது.

அஞ்சலித் தொகுப்பை வெளியிட்ட 'ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ்' நிறுவனத்தின் கதையும் இத்தகையதே. கதவடைப்புக் காலத்தில் சீகரின் பாட்டுகளைத் துணிந்து பதிவு செய்தது மோசஸ் ஆஷ் நடத்திய 'ஃபோக்வேஸ்' என்ற சிறு நிறுவனம். 1987இல் அது அமெரிக்கத் தேசிய நூதனசாலைகளை நடத்தும் ஸ்மித்சோனியனிடம் சேர்ந்தது. நூதனசாலைக்குள் சென்ற ஆயுதம் வெட்டாது. ஆனால் துருப்பிடியாமலும் இருக்கும். எடுத்துப் பயன்படுத்துவோர் வரலாம் அன்றோ?

எடுத்துப் பயன்படுத்துவதிலும் அறமுண்டு. 'ம்பூபே' என்ற தென்னாபிரிக்கப் பாட்டும் இத்தொகுப்பில் இடம்பெறுகிறது. 1939இல் ஜொஹன்னஸ்பர்க்கில் சொலமன் லிண்டா என்ற சூலுத் தொழிலாளி பாடிப் பதிவு செய்தது. அதை இசைத்தட்டிற் கேட்டு மயங்கிய சீகர், சொல்லைத் தவறாகக் காதில் வாங்கி, தம் குழுவோடு பாடிப் புகழ்பெறச் செய்தார். பின்னர் வேறு பலர் அதை மாற்றிப் பாடிப் பெரும்பொருள் ஈட்டினர். லிண்டாவோ சில ஷில்லிங்குக்கு உரிமையை இழந்து, 1962இல் வறுமையில் மாண்டார். தம் பங்கை அவருக்கு அனுப்பச் சீகர் சொல்லியிருந்தார். ஓராயிரம் டொலர் அனுப்பப்பட்டதும் உண்மை. ஆயினும் பதிப்பாளர் வழியே போகவேண்டியது போய்ச் சேர்ந்ததா என்று தாம் கண்காணிக்கத் தவறியதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். லிண்டாவின் மக்கள் வழக்குத் தொடுத்து ஒரு தீர்வு காண்பதற்கு 2006 ஆகிவிட்டது. நல்லவர் கையிலும் மரைக்கால் இரண்டாகிவிடலாம்!

எமது பிரதேசத்திலும் இது நேர்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் உட்கார்ந்தனர்; சில நாட்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. ஆண்டுகள் பல தொடர்ந்த அப்போராட்டத்தில் விடை காணாமலே கண்மூடிய தாய்மார் உண்டு. அங்கு எழுந்த அழுகுரலைப் பதிவு செய்ய வந்தோர் அநேகர். அக்குரல் குறும்படங்களுக்குப் பின்னணி ஆயிற்று. தொலைதூர மேடைகளிற் கண்ணீரும் கைதட்டலும் பெற்றது. பதிவின் பிரதி ஒன்றேனும் அப்பந்தலுக்குத் திரும்பி வந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அத்தாய்மார் அழுதது எவர் நெஞ்சையும் உருக்குவதற்காக அன்று. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னாரிடம் கையளித்தேன், எங்கே என்று அதிகாரத்தைக் கேட்பதற்காக. ஒப்பாரியில் வரும் இடமும் நாளும் பெயரும் நீக்கப்பட்டால், எஞ்சுவது மனித குலத்தின் பொதுத்துயரம். பொதுத்துயரத்துக்கு எந்த அமைச்சும் விடையளிக்க வேண்டியதில்லை.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் மக்களைப் பார்க்கும்போதும் எமக்கு இவ்வெண்ணமே எழுகிறது. அவர்கள் வணங்குவது, அரசன் முன் சென்று, உடைத்த சிலம்பைச் சான்றாக வைத்துக் கேள்வி கேட்ட பெண்ணை. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஆடப்படும் கோவலன் கூத்தும் அவள் கதையே. நூற்றாண்டுக் கணக்கான பொங்கலும் மடையும் அந்தக் கேள்வியை அணைத்துவிடவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் எத்தனை முறை பாடினாலும் பாண்டியனை எவரும் கதையிலிருந்து வெட்டுவதில்லை.

பூக்களெல்லாம் எங்கே என்று வினவும் சீகரின் பாட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஷோலகவ் எழுதிய 'டொன் நதி' நாவலில் வரும் கொசாக்குப் பாட்டொன்றின் சாயலில் 1955இல் அவர் எழுதியது; பின்னர் ஜோ ஹிக்கர்சன் என்பவர் சேர்த்த அடிகளால் அது வட்டமாகி, கல்லறையிலிருந்து மீண்டும் பூவுக்குத் திரும்புகிறது. தொகுப்பின் பெயரே அப்பாட்டிலிருந்து எடுத்ததுதான். எங்கள் ஊரில் அவ்வட்டம் அறுந்துவிட்டது. போருக்குப் பின் கல்லறைகளே பெயர்த்தெடுக்கப்பட்டன. கனகபுரத்தில் உடைந்த கற்களைக் கூட்டிக் குவித்துவைத்து, அவற்றின்மேல் மக்கள் பூ வைக்கிறார்கள். நால்வர் இசையில் அப்பாட்டைக் கேட்டபோது, எவரும் எமக்கு அழச் சொல்லித் தரவில்லை. அதனாலேயே கேட்க முடிந்தது. சொல் அத்தனையும் யாரோ ஒருவர் கொடியில் ஏறிவிட்ட நாட்டில், நரம்பொலிக்கு ஓர் இடம் உண்டு என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டோம்.

தொகுப்பில் எமக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது, சீகரின் பழைய குரற்பதிவுகளைக் கோத்து ஜேக்கப் கார்ச்சிக் அமைத்த நீண்ட படைப்பு. அதில் சீகர் பேசுகிறார். நரம்புகள் அவர் பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து செல்கின்றன. அவரை விஞ்ச முயலவில்லை. கற்றவர் கருவி முன்னிற்பவரின் அடியைப் பற்றிக்கொண்டு பின்தொடர்கிறது. அருவி வெட்டு வரிசையில் புதிதாகச் சேர்ந்தவர் செய்வதைப் போல.

எங்களுக்கென்று அஞ்சலி செலுத்தவேண்டியவர்கள் இல்லையா? மலையகத்திற் கோ. நடேசய்யரோடு தோட்டந்தோறும் சென்று, கூட்டம் தொடங்குமுன் தொழிலாளர் முன் பாடிய மீனாட்சியம்மாளை எண்ணிப் பார்க்கிறோம். இந்திய வம்சாவளியினரை வெளியேற்ற முயன்ற அக்கால அரசியல்வாதிகளை நோக்கி எழுந்த அவருடைய பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. எதிராளியை விடாத பாட்டுகள் அவை. அத்தோட்டங்களிலிருந்து வன்கலவரங்களால் துரத்தப்பட்டு வந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எம் வகுப்புகளில் இருக்கிறார்கள். காணி உறுதியின்றிக் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களும் அவர்களிடையே உண்டு. மீனாட்சியம்மாளின் பாட்டை நாளை யாரேனும் வீணையிலோ வயலினிலோ வாசிக்க முன்வந்தால் மகிழ்ச்சியே. வாசிக்கும் மண்டபத்தின் முன்வரிசையில், அக்குடும்பங்களுக்கு நாட்கூலி கொடுக்கும் வன்னிக் கமக்காரரும் இருக்கவேண்டும். அவருக்குச் சிறிது வேர்க்கவும் வேண்டும்.

அன்று அட்டை அரிவாளோடு பாடிய மாணவி இப்போது ஓர் ஆசிரியை. தன் மாணவருக்கு அந்தப் பாட்டைப் பழக்க விரும்புவதாகவும், நாம் விட்ட துண்டு கொப்பியில் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டு எழுதியிருந்தாள். இருந்தது. கமக்காரரின் பெயர் வரும் இடத்தில் நாம் அன்று பென்சிலால் இழுத்த கோட்டை அழித்துவிட்டு, பெயரோடு பிரதி பண்ணி அனுப்பினோம். மறுகடிதமும் வந்துவிட்டது. மரைக்கால் என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். எத்தனை கொத்து என்று அறிந்து எழுதவேண்டுமாம். ஆச்சியிடம்தான் போய்க் கேட்கவேண்டும். கேட்டால் அவர், எந்த மரைக்கால், வாங்கினதோ கொடுத்ததோ என்று எம்மைத் திருப்பிக் கேட்பார்.